ஒருவழிப் பாஸ்போர்ட்

என் அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பயணம்தான் பதிவாகியிருக்கிறது. தலைமன்னாரில் குத்திய முத்திரை ஒன்று, ராமேஸ்வரத்தில் குத்திய முத்திரை ஒன்று. மற்ற பக்கங்களில் எதுவும் இல்லை. அப்பா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத மனிதருக்கு இந்தியா கொடுத்த பாஸ்போர்ட் அது. பிறந்த நாட்டை விட்டுப் போவதற்கென்றே கொடுத்தது. அம்மாவின் பெயரும் பிள்ளைகள் எங்கள் பெயரும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

கோத்தகிரி, கூடலூர் வட்டாரத்தில், இலங்கையிலிருந்து இப்படி வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு நான் மனு எழுதிக் கொடுக்கிறேன். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுமனைப் பட்டா, முதியோர் உதவித்தொகை என்று எது கேட்டாலும் அவர்கள் முதலில் செய்வது டிரங்குப் பெட்டியைத் திறப்பது. உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பழைய காகிதங்கள் இருக்கும். ஒரு வீட்டில் இலங்கைப் பிறப்புச் சான்று, ஒரு வீட்டில் தோட்டத்து வேலைச் சீட்டு, பெரும்பாலான வீடுகளில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். அவற்றைப் படித்துப் படித்துத்தான் எங்கள் வரலாற்றை நான் கற்றேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருப்பது 22 மைல் கடல். அதைக் கடக்க எங்கள் சனங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டாக விதவிதமான சீட்டுகள் கொடுத்தார்கள். ஆளைத் தோட்டத்தில் கொண்டு சேர்க்க ஒரு சீட்டு, கடனைக் கணக்கு வைக்க ஒரு சீட்டு, திருப்பி அனுப்ப ஒரு சீட்டு. போய்விட்டுத் திரும்பி வரும் உரிமையைக் கொடுத்த சீட்டு மட்டும் அவற்றில் இல்லை.

கோப்பிக் காலத்தில் காகிதமே கிடையாது. 1830-களில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம் கரைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு 150 மைல் காட்டு வழி நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரத்திலேயே செத்தவர்கள் ஏராளம். இரண்டு கரையிலும் யாரும் பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் போய்ச் சேரவில்லை என்ற கணக்காவது நமக்குக் கிடைத்திருக்கும். அந்தப் பயணத்தில் ஆளுக்கு அடையாளமாக இருந்தவர், ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி. இன்னார் ஆள் என்றால் போதும். புறப்படும்போது ஊரில் கங்காணி கொடுத்த முன்பணமே கட்டு.

அந்தக் கடன்தான் எங்கள் முதல் காகிதத்தை உண்டாக்கியது. தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கையில் துண்டு வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆட்களை விட்டுவிடச் சம்மதம் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுப்பது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார், கடன் அவர் கணக்கில் ஏறும். துண்டு இல்லாமல் போகிறவர் ஓடிப்போனவர். பிடித்து வழக்குப் போடலாம். இது நாட்டு எல்லையைக் கடக்கும் சீட்டு இல்லையே என்று கேட்கலாம். தோட்டத்து வேலிதான் அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கு நாட்டு எல்லையாக இருந்தது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அதற்கு முன்பே கடலைக் கடக்கவும் ஒரு சீட்டு வந்துவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்டைத்தான் சொல்கிறேன். கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்ட காலம். தேயிலைக்கு வருசம் முழுவதும் ஆள் வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். ஊரிலிருந்து கிளப்பிக்கொண்டு வரும் ஆட்களை வழியில் வேறு கங்காணி மடக்கிக்கொண்டு போய்விடுகிறான் என்று துரைமார் புலம்பினார்கள். அதற்குக் கண்டுபிடித்த வழி இது: வட்டமான சிறு தகரம், அதில் தோட்டத்துக்குரிய எண், மேலே ஒரு துளை. கங்காணி அதைத் தோட்டத்திலிருந்து வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவார். ஆள் சம்மதித்ததும் துளையில் கயிறு கோத்துக் கழுத்திலோ கையிலோ கட்டிவிடுவார். அதைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கேட்க மாட்டார்கள். செலவெல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1904-இல் திருச்சியில் துரைமார் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் இந்த ஏற்பாட்டையெல்லாம் கவனித்தது.

அந்தத் தகரத்தில் ஆளின் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வயது கிடையாது. போய்ச் சேர வேண்டிய இடத்தின் எண் மட்டும்தான். மூட்டைக்குச் சீட்டு கட்டுவது போல ஆளுக்குக் கட்டினார்கள். காசில்லாதவர்கள் வழியில் பட்டினி கிடக்காமல், தொலைந்து போகாமல் போய்ச் சேர அது உதவியது என்று எழுதியவர்கள் உண்டு. உதவியிருக்கலாம். ஆனால் நடுவழியில் மனம் மாறித் திரும்பி ஊருக்குப் போக நினைத்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தகரம் எந்த விதத்திலும் உதவியிருக்காது.

1914-இல் பாதையே மாறியது. பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி கொழும்பு கோட்டையில் இறங்கலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள். இந்த ரயில்-கப்பல் பயணத்துக்குப் பெயர் போட் மெயில். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் ராமநாதபுரத்துப் பெரியவர்கள் முகம் மலரும்.

எங்கள் ஆட்களுக்குப் பயணம் தனுஷ்கோடிக்கு முன்னாலேயே ஒரு வாரம் நின்றுவிடும், மண்டபத்தில். மண்டபம் முகாம் இருந்தது இந்திய மண்ணில். நடத்தியது இலங்கை அரசு. காலராவும் பிளேக்கும் தீவுக்குள் நுழையாமல் தடுப்பதற்கு என்று சொன்னார்கள். கட்டியிருந்த துணியைக் கழற்றி ஆவியில் வேகவைப்பார்கள், அம்மை குத்துவார்கள், வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். கொக்கிப்புழு தோட்டங்களில் ஆளைத் தின்றுகொண்டிருந்த நோய்தான். மருத்துவம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முகாம் பிடித்து வைத்தது மூன்றாம் வகுப்பில் வந்தவர்களைத்தான். மேல்வகுப்பு டிக்கெட் வைத்திருந்தவர்கள் மருத்துவர் பார்த்து அனுப்ப, அதே ரயிலில் கப்பலடிக்குப் போனார்கள். ஒரே கடலுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. நாங்கள் நுழைந்தது எப்போதும் பின்வாசலில்.

1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி ஆள் சேர்க்கும் கங்காணி உரிமம் வைத்திருக்க வேண்டும். கிளம்புகிறவரைக் கிராம முன்சீப் முன் நிறுத்தி, மனமொத்துத்தான் போகிறார், சிறு வயதுக்காரர் இல்லை என்று படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மண்டபத்தில் அதிகாரி மறுபடி விசாரிப்பார். எங்கள் ஆட்களிடம் 'உனக்குப் போகச் சம்மதமா' என்று அரசாங்கம் வாயைத் திறந்து கேட்டது அந்தப் படிவத்தில்தான். எத்தனை முன்சீப்புகள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள் என்பது வேறு. கேள்வி காகிதத்தில் ஏறியதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் போக்குவரத்து ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலியாணம், சாவு, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, பிரசவம் என்று சனங்கள் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை; இரண்டு பக்கமும் ஒரே சாம்ராஜ்யம். 1939-இல்தான் முதல் அடி விழுந்தது. இலங்கை அரசு தன் துறைகளில் நாள்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையை விட்டு நிறுத்தியது. பதிலுக்கு இந்தியா, ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் யாரும் இலங்கைக்குப் போகக் கூடாது என்று தடை போட்டது. இரண்டு அரசுகளின் கோபத்துக்கு நடுவில், லீவில் ஊருக்கு வந்திருந்தவர்கள் இந்தக் கரையில் மாட்டிக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது சுதந்திரத்தோடு. 1947 தேர்தலில் எங்கள் தோட்டச் சனங்களின் மலையகம் 7 பேரை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு வருசமே வந்த குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. தந்தை வெளியே பிறந்திருந்தால் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு சரிவர நடக்காத லயத்து வரிசை வீடுகளுக்குள் முப்பாட்டனின் காகிதத்துக்கு எங்கே போவது? 1949-இல் வாக்குரிமையும் பறிபோனது. அதே வருசம் இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 22 மைல் கடலைத் தாண்ட இனிமேல் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். எங்களுக்கு எந்த நாடு பாஸ்போர்ட் கொடுக்கும்? இலங்கை கொடுக்காது, அதன் கண்ணில் நாங்கள் குடிமக்கள் இல்லை. இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து இந்திய பாஸ்போர்ட் வாங்கலாம், இந்திய அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் அதற்கு வழி இருந்தது. வாங்கினால் இலங்கைப் பிரஜாவுரிமையை மறந்துவிட வேண்டியதுதான். ஊரில் தாய் செத்துப்போனாள் என்று தந்தி வந்தால், போய்க் கொள்ளி வைப்பதா, பிறந்த மண்ணில் பிரஜையாவதா என்று ஒரு மகன் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வரலாற்றில் மிகக் கொடுமையான இடம் இதுதான் என்பேன்.

பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட 1949-இல் தனிச் சட்டம் ஒன்று போட்டார்கள், கெடு 1951 ஆகஸ்ட் 5. கலியாணமானவர் 7 வருசம், ஆகாதவர் 10 வருசம், 1946-க்கு முன்பு இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். நடுவில் 12 மாதத்துக்கு மேல் ஒரே மூச்சாக இந்தியாவில் இருந்திருந்தால் வசிப்பு அறுந்துபோகும். பிரசவத்துக்கு ஊர் போய்க் குழந்தை கொஞ்சம் தேறட்டும் என்று தங்கிய பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் போன காலத்தில் அப்படித் தங்குவது எந்தச் சட்டத்திலும் தப்பில்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். கடல் வழியாகக் களவாக வந்தவர்களைத் தேடுகிறோம் என்ற பெயரில், தோட்டத்திலேயே பிறந்தவரைக்கூட 'கள்ளத்தோணி' என்று கூப்பிடும் வழக்கம் அந்த வருசங்களில்தான் வேரூன்றியது.

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கணக்கைத் தீர்த்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத்தை நடத்திய தொண்டமானைக்கூட 1964-இல் யாரும் கலந்து பேசவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் பாதை போனது, கப்பல் துறை போனது. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். பின்னாளில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிய 'ராமானுஜம்' ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது.

எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பிக்கச் சொன்னபோது, 1970 வரை ஏழு லட்சம் அளவுக்கு இலங்கை கேட்டார்கள். இந்தியா கேட்டவர்கள் நாலு லட்சம் போல. ஒப்பந்தத்துக்காக இலங்கை போட்ட சட்டமோ வேறு விகிதம் வைத்திருந்தது: 7 பேர் இந்தியாவுக்கு என்றால் 4 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. 1971-க்குப் பிறகு, அந்த 7 பேரும் கப்பலேறிப் போன பிறகே 4 பேருக்குக் கொடுப்போம் என்றார்கள். ஆக ஒருவருக்கு மண் கிடைக்க வேண்டுமானால் பக்கத்து லயத்துக்காரர் கப்பலேற வேண்டும். 1973, 74-இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாத வீடுகளில், போவதா இருப்பதா என்று யோசிக்கத் தெம்பு இல்லாமல் போயிற்று. என் அப்பா கையெழுத்துப் போட்டது அந்தக் காலத்தில்.

கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்திலிருந்து காகிதங்கள் வந்தன. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஹட்டன் டவுனுக்குக் குடும்பமாகப் போனோம். நான் படம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். அதன் பிறகு குடும்ப அட்டை வந்தது. யார் யார் போகிறார்கள், வயது, உறவு, இந்தியாவில் எந்தத் திட்டத்தில் மறுவாழ்வு என்று எல்லாம் அதில்தான் இருக்கும். சிலருக்கு வியாபாரக் கடன், சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குக் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டம், எங்களைப் போன்றவர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். கடைசியில் வந்தது குவிட் நோட்டீஸ். இன்ன தேதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவு. அது கைக்கு வந்ததும் சேமலாப நிதிக் கணக்கை முடிப்பார்கள், தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பேரை வெட்டுவார்கள். ஆடு, கோழி, மரக்கட்டில், அம்மிக்கல் எல்லாம் வந்த விலைக்குப் போகும். அப்பா வாசல் மல்லிகைச் செடியைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

தலைமன்னாருக்குப் போகும் ரயிலை அழுகைக் கோச்சி என்று எங்கள் சனங்கள் சொல்வார்கள். ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்கள் நகரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இலங்கை, ஒருவருக்கு இந்தியா என்று காகிதம் பிரித்திருந்தது. என் பெரியப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அப்பாவும் அவரும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் இப்படி வந்தோம். வந்தவர்களுக்கும் மண்டபம் முகாம்தான் முதல் தங்கல். தாத்தாக்களைப் புழு மருந்து கொடுத்து அக்கரைக்கு அனுப்பிய அதே முகாம் பேரன்களை எண்ணி வாங்கிக்கொண்டது. இங்கே வந்த பிறகு அந்தக் காகிதங்களை யாராலும் படிக்க முடியவில்லை என்பது தனித் துயரம். அப்பாவின் பெயர் இலங்கைப் பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி. சொன்னவர் ஒரு விதமாகச் சொல்ல, எழுதினவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதியது. சாதிச் சான்றுக்குப் போனால், கண்டியில் பிறந்ததாகப் போட்டிருக்கிறதே, இங்கே ஏன் வந்தாய் என்று கேட்ட அதிகாரி உண்டு. குடும்ப அட்டை என்றால் ரேஷன் அட்டைதானே என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அரசாங்கமே கொடுத்த காகிதத்தை அரசாங்கத்திடமே விளக்க வேண்டியிருப்பதால்தான் மனு எழுதும் வேலைக்கே நான் வந்தேன்.

1983 ஜூலைக் கலவரத்தோடு எல்லாம் கலைந்தது. மறு வருசம் கப்பல் நின்றது. இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவர்களும், பாஸ்போர்ட் கையில் வந்து முறைக்காகக் காத்திருந்தவர்களும் அங்கேயே நின்றுபோனார்கள். அவர்களில் பலர் வவுனியா, மன்னார் பக்கம் ஒதுங்கி, பிறகு படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். படகில் வந்ததால் அகதிகள். இலங்கை 2003-இல் சட்டம் போட்டு, அங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. இங்கே முகாமில் இருக்கும் மலையக மக்கள் அகதி அட்டையோடுதான் இருக்கிறார்கள்.

திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்தவர்கள் போட்ட வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்களின் இந்திய வம்சாவளியைக் கருத்தில் கொண்டு குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. 2022-இல் அதே மதுரைக் கிளைக்கு ஒரு பெண் போனார். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டவர். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று சட்டம் சொல்கிறது. அவருக்கு பாஸ்போர்ட் கொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு முகாமில் பிறந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு மனு எழுதும்போது தாத்தா வேலை செய்த தோட்டம், அவர் 1970-க்குள் கொடுத்த விண்ணப்பத்தின் எண், வந்து சேர்ந்த உறவினரின் பாஸ்போர்ட் எண், குடும்ப அட்டை எண் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து எழுதுகிறேன். அந்தத் தாத்தா முறைப்படி வரிசையில் நின்றவர், அவர் முறை வருவதற்குள் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.